படைவீரர் மருத்துவமனை ஒப்பந்தம்: விலை குறைவாக இருந்தும் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் மருத்துவமனைகளுக்கு ஒப்பந்த முறையில் செவிலியர்களையும் எக்ஸ்ரே டெக்னீஷியன்களையும் அனுப்பும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். தனியார் மருத்துவமனைகளில் எங்களுக்கு நல்ல பெயர் உண்டு. முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்தால் மட்டும் கிடைப்பதே இல்லை. விலையைக் குறைத்துத்தான் தருகிறோம். முன்மொழிவை எப்படி எழுத வேண்டும்?

பதில்: விலையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். நீங்கள் விண்ணப்பித்த டெண்டர்கள் உங்களுக்குத் திறந்திருந்தவைதானா என்பதை முதலில் பாருங்கள். இந்தத் துறைக்கென 2006-இல் வந்த சட்டத்தின்படி, முன்னாள் படைவீரர்களுக்குச் சொந்தமான இரண்டு சிறு நிறுவனங்களாவது நியாயமான விலையில் போட்டியிடும் என்று ஒப்பந்த அதிகாரி கருதினால், டெண்டரை அத்தகைய நிறுவனங்களுக்கே ஒதுக்க வேண்டும். இது கட்டாயம்தான் என்று 2016-இல் கிங்டம்வேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி முதல் இதற்கான சான்றிதழைச் சிறுதொழில் நிர்வாகத் துறை வழங்குகிறது. நிறுவனத்தின் 51 விழுக்காடாவது படைவீரரின் உடைமையாக இருக்க வேண்டும். நிர்வாகமும் உண்மையிலேயே அவர் கையில் இருக்க வேண்டும்.

யாராவது ஒரு முன்னாள் வீரரின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது குற்றம், அதற்காகச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான வழி, சான்றிதழ் பெற்ற நிறுவனம் ஒன்றின் துணை ஒப்பந்ததாரராகச் சேர்வது. சேவை ஒப்பந்தங்களில் அரசு தரும் தொகையில் பாதிக்கு மேல் சான்றிதழ் இல்லாத துணை நிறுவனங்களுக்குப் போகக்கூடாது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெண்டர் எல்லோருக்கும் திறந்ததாக இருந்தால், இனி எழுத்து வேலை. வழக்கமான வடிவில் சி என்ற பகுதி வேலையை விவரிக்கும்; எல் என்ற பகுதி எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும்; எம் என்ற பகுதி எப்படி மதிப்பிடுவார்கள் என்று சொல்லும். மருத்துவப் பணியாளர் டெண்டர்கள் பெரும்பாலும் வணிகச் சேவை வடிவத்தில் வருவதால் இந்த எழுத்துகள் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் உள்ளடக்கம் இருக்கும். மதிப்பீட்டுப் பகுதியை முதலில் படியுங்கள். தகுதி பெற்றவர்களில் விலை குறைந்தவருக்கே என்றிருந்தால், தகுதி நிபந்தனைகளை ஒன்று விடாமல் நிறைவேற்றினால் போதும்; அதற்கு மேல் எவ்வளவு அழகாக எழுதினாலும் மதிப்பெண் இல்லை. தரத்தையும் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுப்போம் என்றிருந்தால், உங்களைவிட விலை கூடுதலாகக் கேட்டவர் வெல்லலாம். பலர் தோற்பது இங்கேதான். உங்கள் கதையும் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

மதிப்பீட்டாளர் உங்கள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே பலங்களையும் குறைகளையும் குறித்துக்கொள்வார். "தரமான சேவைக்குப் பெயர் பெற்ற எங்கள் நிறுவனத்துக்கு நோயாளி நலனே முதன்மை" என்ற வரியிலிருந்து அவரால் எதையும் குறித்துக்கொள்ள முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இரவுப் பணிக்கு வர வேண்டிய செவிலியர் வர இயலாது என்று மாலை 4 மணிக்குச் சொன்னால், எங்கள் ஒருங்கிணைப்பாளர் 30 நிமிடங்களுக்குள் மாற்று ஆளை உறுதிசெய்து வார்டு பொறுப்பாளருக்குத் தெரிவிப்பார். இதற்காக, சான்று சரிபார்ப்பும் பின்னணிச் சோதனையும் முடிந்த இரண்டு செவிலியர்கள் எப்போதும் தயார் நிலையில் இருப்பார்கள்."

இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஆள் குறைந்தால் வேறொருவரை விரைவில் அனுப்பிவிடலாம். இந்தத் துறையில் அது நடக்காது. வெட்ப்ரோ என்ற மின்னணு முறையில் உரிமமும் படிப்பும் சரிபார்க்கப்பட வேண்டும். கைரேகை, பின்னணிச் சோதனை, அடையாள அட்டை எல்லாம் முடிய வேண்டும். அதுவரை ஆள் வார்டுக்குள் போக முடியாது. மதிப்பீட்டுக் குழுவில் செவிலியர் தலைவர் ஒருவர் இருந்தால், ஆளில்லாத இரவுகளை அவர் பார்த்திருப்பார். அவருடைய கவலைக்குப் பதில் சொல்லும் பத்திக்குத்தான் பலம் என்ற குறிப்பு விழும். எழுதியதைச் செய்து காட்ட ஆள் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வென்றபின் அந்த வாக்கியம் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடலாம்.

இன்னொன்று: இந்த மருத்துவமனைகள் பெரும்பாலும் அமெரிக்காவின் எந்த மாநில உரிமத்தையும் ஏற்கின்றன. டெக்சாஸ் உரிமம் உள்ளவர்களை மட்டும் பட்டியலிட்டு உங்கள் ஆள்பலத்தை நீங்களே சுருக்கிக்கொள்ள வேண்டாம். டெண்டரில் அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு ஒப்பந்த அனுபவம் இல்லையே என்று தயங்காதீர்கள். முந்தைய பணிப் பதிவு இல்லாத நிறுவனத்தை அந்த அம்சத்தில் சாதகமாகவோ பாதகமாகவோ மதிப்பிடக் கூடாது என்பதே விதி. தனியார் மருத்துவமனைப் பணியையும் பெரும்பாலும் காட்டலாம். அளவிலும் தன்மையிலும் இந்த வேலையை ஒத்த இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே பேசி, உங்கள் பணியைப் பற்றிய கேள்வித்தாள் வந்தால் உடனே பதில் அனுப்பச் சொல்லுங்கள்.

விலை பற்றி ஓரிரு வரி. டெக்னீஷியன் போன்ற பணிகளுக்குத் தொழிலாளர் துறை நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமும் சலுகைகளும் டெண்டருடன் இணைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போக முடியாது. மருத்துவப் பொறுப்புக் காப்பீட்டையும் பொதுவாக நீங்களே எடுக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டுக் குறைத்த விலை, வேலையைப் புரிந்துகொள்ளவில்லை என்றே மதிப்பீட்டாளருக்குச் சொல்லும்.

டெண்டரில் குறிப்பிட்ட நிமிடத்துக்குள் முன்மொழிவு போய்ச் சேர்ந்தாக வேண்டும். பெரிய இணைப்புகள் மின்னஞ்சலில் தங்கிவிடும். முதல் நாளே அனுப்பிவிடுங்கள். அரசு ஒப்பந்ததாரர்கள் பதிவுசெய்யும் சாம் இணையதளத்தில் உங்கள் பதிவு காலாவதியாகவில்லையா என்றும் பாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2025 முதல் கூட்டாட்சிக் கொள்முதல் விதிகள் திருத்தி எழுதப்பட்டு வருவதால், பழைய டெண்டரை நம்பாமல் கையிலிருக்கும் டெண்டரின் விதிகளையே பின்பற்றுங்கள்.

கிடைக்கவில்லை என்ற கடிதம் வந்தால் அன்றே காரண விளக்கம் கேட்டு எழுதுங்கள். போட்டிப் பேச்சுவார்த்தை முறை ஒப்பந்தங்களில் கடிதம் கிடைத்த 3 நாட்களுக்குள் எழுத்தில் கேட்டால் தந்தாக வேண்டும். உங்கள் முன்மொழிவின் முக்கியக் குறைகள், வென்றவரின் மொத்த விலை, தரமதிப்பீடு ஆகியவை அதில் தெரியவரும். இதுவரை தோற்ற டெண்டர்களுக்குக் கெடு தாண்டியிருந்தாலும் ஒப்பந்த அதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள். தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, ஆனால் தரத் தடையும் இல்லை.