ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினால் பலன் உண்டா? மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கான பதில்

கேள்வி: பிரதேச செயலகத்தில் ஒரு வருடமாக அலைக்கழிக்கிறார்கள். ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு செய்தால் ஏதாவது நடக்குமா? எப்படி எழுதுவது? கொழும்புக்குப் போக வேண்டுமா?

நடக்கும். ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். அரச நிர்வாகம் செய்த அநீதி பற்றிய முறைப்பாடுகளை விசாரிப்பவர்தான் ஒம்புட்ஸ்மன். அவர் யாரையும் தண்டிக்க மாட்டார், நீதிமன்றம் போலக் கட்டளையும் போட மாட்டார். உங்கள் பைலை வைத்திருக்கும் கந்தோரின் தலைவரிடம், "இந்த மனுவுக்கு உங்கள் விளக்கம் என்ன?" என்று எழுத்தில் கேட்பார். கவுண்டரில் நின்றவரை "நாளைக்கு வாங்க", "ஐயா கூட்டத்துக்குப் போயிட்டார்" என்று அனுப்பிய அதே கந்தோர், இப்போது காரணத்தைக் கடிதத் தலைப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். முறைப்பாட்டின் பாதிப் பலன் அந்த இடத்திலேயே இருக்கிறது. எழுதிக் காட்ட முடியாத காரணத்துக்காக மேசையில் கிடக்கும் பைல்கள் நிறைய. விளக்கம் எழுத வேண்டும் என்று வந்ததும் அவற்றில் சில தானாக நகரும்.

சட்டத்தில் இந்தப் பதவியின் பெயர் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர். கடிதத்தை அந்தப் பெயருக்கே எழுதுங்கள். 1978 அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரையும் 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும்தான் இதற்கு அடிப்படை. ஆரம்பத்தில் பொதுமகன் நேரே எழுத முடியாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, மனு பாராளுமன்றத்தின் பகிரங்க மனுக்கள் குழுவுக்குப் போய், அங்கிருந்துதான் ஒம்புட்ஸ்மனிடம் வரும். 1994ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தச் சுற்றுவழியை எடுத்துவிட்டது. இன்றைக்கும் "எம்.பி.யின் கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அதை நம்பி யாருடைய வாசலிலும் காத்திருக்க வேண்டாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அலுவலகம் கொழும்பில் இருந்தாலும் பொத்துவிலில் இருக்கிறவர் பஸ் ஏற வேண்டியதில்லை, பதிவுத் தபால் போதும்.

யாருக்கு எதிராக எழுதலாம்? அரச உத்தியோகத்தர்கள், அரச கூட்டுத்தாபனங்கள், நியதிச் சபைகள், மாநகர சபை, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி நிறுவனங்கள். பிரதேச செயலகம், ஓய்வூதியத் திணைக்களம், நீர் வழங்கல் சபை எல்லாம் இதற்குள் வரும். தனியார் கம்பனி வராது. வங்கிக்கும் காப்புறுதிக்கும் தனித்தனி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்கள், ஆளை மாற்றி எழுதினால் கடிதம் திரும்பி வரும். பொலிஸார் மீதான முறைப்பாட்டுக்குத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு, லஞ்சம் கேட்டதற்கு லஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கையோ வந்த தீர்ப்பையோ ஒம்புட்ஸ்மன் தொட மாட்டார்.

அதிகம் பேர் சறுக்குவது காணி விஷயத்தில். கல்லோயாக் குடியேற்றத்தில் அப்பாவுக்குக் கிடைத்த பெர்மிட் காணி, அப்பா காலமான பிறகு யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் இழுபடுகிறார்கள் என்று வையுங்கள். தம்பி எழுதுகிறார்: "எனது அண்ணன் காணியைப் பிடித்து வைத்துக்கொண்டு எனக்கு அநியாயம் செய்கிறார்." இது இருவருக்கு இடையிலான தனிப்பட்ட பிணக்கு, முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அதே தம்பி பின்னுரித்து விசாரணை (காணி அடுத்து யாருக்கு என்று தீர்மானிக்கும் விசாரணை) கேட்டு டி.எஸ். கந்தோருக்கு, அதாவது பிரதேச செயலகத்துக்கு, எழுத்தில் விண்ணப்பித்து, அவர்கள் பதினாலு மாதமாகத் திகதி போடாமல் வைத்திருந்தால், அல்லது அண்ணனை மட்டும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு முடிவெடுத்திருந்தால், அது நிர்வாகம் செய்த அநீதி. ஒம்புட்ஸ்மன் பார்ப்பது அதை. எனவே காணி யாருடையது என்று வாதாடாதீர்கள். எந்த உத்தியோகத்தர், செய்ய வேண்டிய எந்தக் கடமையை, எந்தத் திகதியிலிருந்து செய்யவில்லை என்று எழுதுங்கள். "எனக்குக் காணியைத் தாருங்கள்" என்று கேட்பதை விட "இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, முடிவைக் காரணத்துடன் எழுத்தில் தரும்படி பரிந்துரைக்கவும்" என்று கேட்பது பலமான கோரிக்கை.

அடுத்த சறுக்கல், இருக்கிற மேன்முறையீட்டைச் செய்யாமல் நேரே ஒம்புட்ஸ்மனிடம் போவது. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லை என்றால் முதலில் அதற்குரிய மேன்முறையீடு. அதைச் செய்திருந்தும் பதில் இல்லை, அல்லது காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள் என்றால் அப்போது எழுதுங்கள். வேறு தகுந்த வழி இருக்கிறது, அநாவசியமாகத் தாமதித்து வந்திருக்கிறது, அற்பமானது, நல்லெண்ணத்துடன் செய்யப்படவில்லை என்று முறைப்பாட்டில் கண்டால் விசாரணையை மறுக்கும் விருப்புரிமை ஒம்புட்ஸ்மனுக்கு உண்டு. ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டு எழுதுகிறவர், ஏன் இவ்வளவு காலம் என்பதை மனுவிலேயே சொல்ல வேண்டும். வெள்ளம், சுகவீனம், வெளிநாட்டில் வேலை, எதுவானாலும் ஒரு வரி போதும்.

காலக்கெடு பற்றி ஒரு விஷயத்தைக் கவனமாக வாசியுங்கள், இதில் விட்டால் பிறகு பிடிக்க முடியாது. உங்களுக்கு நடந்தது பாகுபாடு போன்ற அடிப்படை உரிமை மீறல் என்றால், உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம். ஒம்புட்ஸ்மனுக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்த ஒரு மாதம் ஓடி முடிந்துவிடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால் கதை வேறு: 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. உரிமை மீறல் என்று சந்தேகம் வந்தாலே முதலில் அங்கே போங்கள், கையோடு ஒரு சட்டத்தரணியிடமும் கேளுங்கள். தாமதம், கவனயீனம், தவறான கணக்கு, பதில் தராமை போன்றவைதான் ஒம்புட்ஸ்மனுக்குப் பொருத்தமானவை.

இனி மனு. அரச கடிதம் ஒவ்வொன்றின் தலையிலும் "எனது இல.", "உமது இல.", "திகதி" என்று மூன்று இடம் இருக்கும். "எனது இல." என்பதற்கு நேரே இருப்பதுதான் அந்தக் கந்தோரில் உங்கள் பைலின் இலக்கம். அது மனுவில் இருந்தால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் நேரே அந்தக் கிளாக்கரின் மேசைக்குப் போகும். இல்லாவிட்டால் "அவ்வாறான கோப்பு எதுவும் இல்லை" என்று பதில் எழுத அவர்களுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். நீங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்த விண்ணப்பங்களுக்குத் திகதி முத்திரை வாங்கிய கொப்பி இருக்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் திரும்பி வந்து அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் கொப்பியோடு பின் பண்ணி வையுங்கள்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் பந்தியில் நீங்கள் யார், எந்தக் கந்தோர், என்ன கிடைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு திகதி வாரியாக, ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. ஓய்வுபெற்ற ஒருவரின் பணிக்கொடை விஷயம் என்றால் இப்படி இருக்கலாம்:

2024.03.11: ஓய்வூதிய விண்ணப்பத்தைக் கையளித்தேன். முத்திரையிட்ட பிரதி, இணைப்பு 1.
2024.06.20: சேவைக் காலத்தில் ஒரு குறைபாடு இருப்பதாகக் கடிதம் கிடைத்தது. இணைப்பு 2.
2024.07.02: குறைபாட்டைத் தீர்க்கும் ஆவணங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீது, இணைப்பு 3.
2024.09.05: நினைவூட்டற் கடிதம் அனுப்பினேன். இணைப்பு 4. இன்றுவரை பதில் இல்லை.

இந்த நாலு வரி போதும், வாசிக்கிறவருக்கு யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துவிடும். "என் கண்ணீரைத் துடையுங்கள் ஐயா" என்று மூன்று பக்கம் எழுதினால், அதற்குள் இருந்து திகதியைத் தேடி எடுக்க வேண்டிய வேலை அவர்கள் தலையில் விழுகிறது. வேதனை உண்மையானதுதான். அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்: பணம் வராததால் மருந்துச் செலவு நிற்கிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது. அது அவசரத்தைக் காட்டும். உத்தியோகத்தர் மீது சாதி, ஊர், கட்சி என்று எழுதுவதைத் தவிருங்கள். ஆதாரம் இல்லாத ஒரு குற்றச்சாட்டு, ஆதாரம் உள்ள மற்ற நாலையும் பலவீனமாக்கும்.

கடைசிப் பந்தியில் நீங்கள் கேட்கும் பரிகாரம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். இணைப்புகள் எல்லாம் போட்டோ கொப்பியாகவே இருக்க வேண்டும், மூலப் பத்திரத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் எங்கள் இரண்டு மாவட்டத்திலும் அதிகம். அவர்கள் பிறப்பு, விவாகப் பத்திரங்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் எடுக்கலாம். மற்றவற்றுக்கு ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, பத்திரம் எப்படி இல்லாமல் போனது என்று காட்டலாம்.

பைலுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தால், மனுவுக்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு கந்தோரிலும் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். "எனது இந்த விண்ணப்பம் தொடர்பான குறிப்புத் தாள்கள், அனுப்பிய, பெற்ற கடிதங்களின் பிரதிகள்" என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்த உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் போகலாம், அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. இப்படி எடுத்த ஒரு குறிப்புத் தாளில் "மேலதிக ஆவணம் கிடைத்தது, பைலில் சேர்க்கவும்" என்று யாரோ எழுதியிருந்தால், "ஆவணம் கிடைக்கவில்லை" என்ற பேச்சு அதோடு முடிந்தது.

மொழி பற்றித் தயங்க வேண்டாம். தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு தந்த உரிமை இருக்கிறது. அம்பாறைக் கச்சேரியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ தனிச் சிங்களத்தில் கடிதம் வந்தால், தமிழ்ப் பிரதி கேட்டு உடனே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தொடர்ந்து அப்படியே வந்தால் அது தனி முறைப்பாடு, அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது. விளங்காத கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அதற்குள் ஒரு பதில் திகதி இருக்கலாம்.

மனு போய்ச் சேர்ந்ததும் பதிவு செய்து இலக்கம் கொடுப்பார்கள். தங்கள் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் திணைக்களத்திடம் விளக்கம் கேட்பார்கள். திணைக்களம் அனுப்பும் விளக்கம் உங்கள் கருத்துக்கு வரும். அதிகமான முறைப்பாடுகள் செத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். கடிதத்தலைப்பில் "விதிமுறைகளுக்கு அமைவாகவே நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று வந்ததைப் பார்த்து, முடிவே வந்துவிட்டது என்று நினைத்து மனுதாரர் விட்டுவிடுகிறார். அது முடிவு இல்லை, எதிர்த்தரப்பின் பேச்சு மட்டும். பந்தி பந்தியாக எடுத்துப் பதில் எழுதுங்கள்: இரண்டாம் பந்தியில் சொல்லும் சுற்றுநிருபத்தின் இலக்கம் என்ன, மூன்றாம் பந்தியில் கிடைக்கவில்லை என்ற ஆவணம் இணைப்பு 3இல் இருக்கிறது, இப்படி. தேவைப்பட்டால் ஒம்புட்ஸ்மன் இரு தரப்பையும் நேரில் அழைத்து விசாரிப்பார். சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. இவ்வளவும் மாதக் கணக்கில் நடக்கும் வேலை, வாரக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

அநீதி நடந்தது என்று கண்டால், முடிவை மீள்பரிசீலிக்கவோ திருத்தவோ இரத்துச் செய்யவோ, காரணம் தரவோ சொல்லி நிறுவனத் தலைவருக்குப் பரிந்துரை போகும். என்ன செய்தீர்கள் என்று அறிவிக்கக் கால எல்லையும் கொடுப்பார். செய்யாவிட்டால் ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் அறிக்கையிடலாம். அதற்கு மேல் கட்டாயப்படுத்தும் கை அவருக்கு இல்லை. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை, மாற்றப்பட வேண்டிய ஓட்டை என்பதே என் உறுதியான கருத்து. ஆனாலும் பரிந்துரைக் கடிதம் வீண் காகிதம் அல்ல. பிறகு நீதிமன்றம் போனாலும், உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகப் பகிரங்க மனுக்கள் குழுவுக்குப் போனாலும், சுயாதீனமான ஒருவர் பார்த்துச் சொன்னதாக அந்தக் கடிதம் முன்னால் நிற்கும்.

அரச சேவையில் இருக்கிறவர்கள் இடமாற்றம், பதவி உயர்வு, சம்பள ஏற்றம் பற்றி எழுதுவதானால் முதலில் உரிய சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையிடுங்கள். மாகாண சேவை என்றால் மாகாண அரச சேவை ஆணைக்குழு. அந்தப் படியைத் தாண்டி வந்தால் திருப்பி அங்கேயே அனுப்புவார்கள்.

இன்னும் ஒன்று. ஒரே மனுவை ஜனாதிபதி, பிரதமர், ஆளுநர், அமைச்சர், அரசாங்க அதிபர் என்று பத்துப் பேருக்குப் பிரதி போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அந்தப் பத்தும் "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு, நீங்கள் யாரைப் பற்றி முறையிட்டீர்களோ அவருடைய மேசைக்கே இறங்கி வரும். அவர் பத்துக்கும் ஒரே பதிலை அனுப்பிவிட்டு, விஷயம் முடிந்தது என்று பைலை மூடுவார். ஒரு நேரத்தில் ஓர் இடம் போதும். பதில் வந்த பிறகு அடுத்த இடம். இடையில் வீடு மாறினாலோ தொலைபேசி இலக்கம் மாறினாலோ, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். பழைய விலாசத்துக்குப் போன கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், நீங்கள் அக்கறை இழந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.