மேப்பிள் மரத்தடிப் புல்லைக் குதிரைக்கு உலர்த்திப் போடலாமா?

கேள்வி: என் புல்வெளியின் இரண்டு ஓரங்களில் சைக்கமோர் மேப்பிள் மரங்கள் இருக்கின்றன. மூன்றாவது ஓரத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் அரளி வேலி. இந்தப் புல்லை அறுத்து, உலர்த்தி, கட்டாகக் கட்டி வைத்து என் இரண்டு குதிரைகளுக்கும் போட நினைக்கிறேன். நன்றாகக் காய்ந்துவிட்டால் விஷம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: போகாது. குதிரை மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் நம்பிக்கை இது. கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

சைக்கமோர் விதையிலும், வசந்தத்தில் அது முளைத்து வரும் சின்னக் கன்றிலும் ஹைப்போகிளைசின்-ஏ என்ற நச்சு இருக்கிறது. கன்றை வெட்டிப் போட்டாலும், புல்லோடு உலர்த்தி மாதக்கணக்கில் அடுக்கி வைத்தாலும், காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல் ஆக்கினாலும் அந்த நச்சு தங்கிவிடுகிறது என்று 2019-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. தசைகள் கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கும் வழியையே இது அடைத்துவிடும். நிற்பதற்கும் மூச்சு விடுவதற்கும் வேண்டிய தசைகள் கெட்டுப்போகும், இதயமும் பாதிக்கப்படும். நோய் கண்ட குதிரைகளில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை.

மேப்பிள், லிச்சி, பூந்திக்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அதே குடும்பத்தைச் சேர்ந்த அக்கீ என்ற மரத்தின் பழுக்காத பழத்தில் இந்த நச்சு இருப்பதை 1950-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மேய்ச்சலுக்குப் போன குதிரைகள் திடீரென்று விழுந்து சாவதற்கும் இதுவே காரணம் என்று தெரிய 2010-கள் வரை ஆயிற்று.

அரளி இதைவிடக் கொடியது. ஒரு கைப்பிடி காய்ந்த இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும். பச்சை அரளியை அதன் கசப்புக்காகவே பெரும்பாலான குதிரைகள் ஒதுக்கிவிடும். அந்த இலையே காய்ந்து நொறுங்கிப் புல்லோடு கலந்து இறுகிவிட்டால் குதிரை எதை ஒதுக்கும்? மேய்ச்சலில் அதற்கு இருக்கிற தேர்வை நாம் கட்டுக் கட்டும்போது பறித்துவிடுகிறோம். அதனால் புல்வெட்டும் மெஷின் உள்ளே வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். கட்டிய பிறகு பொறுக்கி எடுப்பது நடக்காத காரியம்.

மரக்கிளையின் நுனிக்கு நேர் கீழே ஒரு கோடு கிழித்துக்கொண்டு அதற்கு அப்பால் அறுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சைக்கமோரின் இறக்கை விதை காற்றில் சுழன்றபடி நூறு மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். இலையுதிர் காலத்தில் நிலம் முழுக்க நடந்து, விதை எதுவரை விழுந்திருக்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். வசந்தத்தில் முதல் அறுப்புக்கு முன் மறுபடி நடந்து பாருங்கள். கன்றை அடையாளம் காண்பது எளிது: முதலில் நாடா போல நீண்ட இரண்டு விதையிலைகள், அப்புறம் ஓரம் ரம்பம் போல வெட்டுப்பட்ட ஒரு ஜோடி இலை. ஒன்றிரண்டு இருந்தால் வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு நிலத்தை விட்டே வெளியேற்றுங்கள். எங்கு பார்த்தாலும் முளைத்திருந்தால் அந்த வருடம் அங்கே குதிரைக்குப் புல் அறுக்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அரளிப் பக்கம் அகலமான ஒரு பட்டையை அறுக்காமலே விடுங்கள். வேலியை வெட்டிவிட்டால் கழிவைப் புல்வெளிப் பக்கம் போடக் கூடாது என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அவருக்கு விஷயம் தெரியாமல்கூட இருக்கலாம். பலத்த காற்று அடித்த மறுநாள் அறுப்பு வைத்திருந்தால், முதலில் விழுந்த இலை, கிளைகளைப் பொறுக்குங்கள். புல்லை வாரும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வாராதீர்கள். ஓரக் குப்பை நல்ல புல்லோடு சேர்வது அப்படித்தான். கட்டைப் பிரிக்கும்போது ஒரே ஒரு அரளி இலை கண்ணில் பட்டாலும் அந்தக் கட்டு முழுவதையும் தள்ளுங்கள். ஒரு பிடி புல்லை ஆய்வகத்தில் சோதித்து நச்சு இல்லை என்று வந்தால், அந்தப் பிடியில் இல்லை என்றுதான் அர்த்தம்.

குதிரை விறைப்பாக நடந்தாலோ, வியர்த்து நடுங்கினாலோ, சிறுநீர் காப்பிக் கலரில் போனாலோ சைக்கமோரைச் சந்தேகியுங்கள். வயிற்றுவலியோடு நாடித்துடிப்பு தாறுமாறாக இருந்தால் அரளி. எதுவானாலும் குதிரையை நடக்க வைக்காதீர்கள், அந்தப் புல்லை உடனே எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் பார்ப்பதற்காக மிச்சப் புல்லைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஓரத்துப் புல்லை வீணாக்க மனம் வரவில்லை. மாட்டுப் பண்ணைக்குக் கொடுக்கலாமா?

பதில்: அரளிப் பக்கத்துப் புல்லை மாடு, ஆடு எதற்குமே கொடுக்கக் கூடாது, அவற்றையும் கொல்லும். சைக்கமோர் பக்கத்துப் புல்லும் வேண்டாம் என்பேன். அந்த மரங்கள் உள்ள இடத்தில் மேய்ந்த பசுக்களின் பாலில் ஹைப்போகிளைசின் கண்டறியப்பட்டிருக்கிறது. கால்நடை எட்டாத இடத்தில் வேலி போட்டு மட்கவிடுங்கள். அரளி கலந்ததை எரிக்காதீர்கள், அதன் புகையும் கெடுதல்.