ராயல் ஓக்: கட்டடத்தின் வயது வேறு, பெயரின் வயது வேறு

நீங்கள் படம் அனுப்பி வயதைக் கேட்ட இங்கிலாந்து பப்பின் (மதுக்கடையின்) பலகை "1540 முதல் ராயல் ஓக்" என்கிறது. கட்டடம் அவ்வளவு பழையதாக இருக்கலாம், பெயர் இருக்காது. உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டையான வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படையிடம் தோற்ற மன்னர் இரண்டாம் சார்லஸ், 1651 செப்டம்பர் 6 அன்று பாஸ்கோபெல் மாளிகை அருகே ஓக் மரத்தில் பகல் முழுக்க ஒளிந்திருந்தார். கீழே எதிரிச் சிப்பாய்கள் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த மரத்தின் நினைவாக வந்ததுதான் "ராயல் ஓக்" (அரச ஓக்) என்ற பெயர். 1660இல் அவர் அரியணைக்குத் திரும்பும்வரை அந்தப் பெயரைத் தொங்கவிட எந்தக் கடைக்காரர் துணிந்திருப்பார்?

பப்பின் வரலாற்றை அறிய, அது இருக்கும் கவுன்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) ஆவணக் காப்பகத்தில் மதுக்கடை உரிமப் பதிவேடுகளைத் தேடுங்கள். 1753 முதல் 1828 வரையிலானவைதான் அதிகம் கைகொடுக்கும். பப்பின் பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள், பழைய பதிவுகளில் பெரும்பாலும் உரிமம் பெற்றவர் பெயரும் ஊரும் மட்டுமே இருக்கும். முதலில் கட்டடத்தின் சொத்துப் பத்திரத்தில் கடையை நடத்தியவரின் பெயரைப் பிடியுங்கள், பிறகு அதை வைத்துப் பதிவேட்டில் தேடுங்கள்.