ஐடி வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் செய்வது இன்றைக்கும் கட்டுப்படியாகுமா?

சென்னையில் ஒரு பெரிய ஐடி நிறுவனத்தில் ஆறு வருடமாக ஜாவா என்ற நிரல்மொழியில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் போக ஆசை, ஆனால் ஏஐ வந்தபிறகு அதில் பிழைப்பு இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. என் பதில்: இருக்கிறது. ஆனால் கோட் (நிரல்) எழுதிக் கொடுப்பதை மட்டுமே தொழிலாக வைத்திருப்பவருக்கு இனி கஷ்டம்தான்.

நான் கோவையில் இருந்துகொண்டு ஜவுளிக் கடைகளுக்கும் சிறிய நிறுவனங்களுக்கும் மென்பொருள் வேலை செய்கிறேன். வெளிநாட்டு கிளையன்ட்களும் உண்டு. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபிறகு எங்கள் தொழிலில் முதலில் அடிவாங்கியது சில்லறை வேலைகள்தான். ஒரு வேர்ட்பிரஸ் தளம், ஒரு லாகின் பக்கம், ஒரு எக்செல் ரிப்போர்ட் என்று வந்துகொண்டிருந்தவை. இவற்றைக் கடைக்காரரின் மகனே இப்போது ஒரு மாலையில் செய்துவிடுகிறான். அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் வேலை தேடும் தளங்களில் விண்ணப்பம் போடுவதற்கே காசு, கிடைத்த வேலையிலும் கமிஷன். புதிதாக வருபவர் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

எது நிலைத்திருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அதுவரை 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, அதற்கு மேல் 18. தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கிற சமயம். ஈரோட்டில் ஒரு துணிக்கடை, எப்போதோ யாரோ எழுதிய பில்லிங் மென்பொருள். உள்ளே பார்த்தால் 1000 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே மூன்று இடத்தில் நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள். அதை மாற்றுவது பெரிய வேலையே இல்லை, ஏஐ கருவியே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது.

சிக்கல் கவுண்டரில்தான் இருந்தது. “தம்பி, 2,800 ரூபாய் லெஹங்கா தள்ளுபடி போக 2,400க்குப் போகுது. இதுக்கு எந்த வரி?” என்று கேஷியர் அக்கா கேட்டார். விற்கிற விலையை வைத்துத்தான் விகிதம், அதனால் 5. அப்புறம் ரிட்டர்ன். 20ஆம் தேதி 1,500 ரூபாய் சுடிதாரை 12 சதவீதம் கட்டி வாங்கியவர், அளவு சரியில்லை என்று 24ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால், கிரெடிட் நோட்டை, அதாவது திரும்பி வந்த பொருளின் தொகையைக் கழிக்கும் சீட்டை, பழைய 12க்கே போட வேண்டும். பதிலுக்கு அவர் எடுத்துப்போகிற சுடிதாருக்கு 5. அந்த மென்பொருளோ ரிட்டர்னுக்கும் அன்றைய விகிதத்தையே எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. இதை யாரும் என்னிடம் பிழை என்று சொல்லவில்லை, அந்தக் கடையின் நடைமுறை தெரிந்ததால் தேடிப்போய்ப் பார்த்தேன். கடைக்காரர் மாதாமாதம் எனக்குப் பணம் தருவது இதற்குத்தான். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்கிற மின்னணு பில்) 2023 ஆகஸ்டில் கட்டாயமானபோதும் இதே கதைதான். விதி மாறும்போதெல்லாம் பொறுப்பெடுத்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்படுகிறது.

ஆகவே உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது: இந்த ஆறு வருடத்தில் எந்தத் தொழிலின் உள்விவகாரம் உங்களுக்கு அத்துப்படி? வங்கியா, காப்பீடா, மருத்துவமனை பில்லிங்கா? அதுதான் உங்கள் சரக்கு. ஜாவா என்று மட்டும் பதில் வந்தால், இன்னும் கொஞ்ச காலம் வேலையில் இருங்கள்.

வருமானக் கணக்குக்கு வருவோம், இங்கே நிஜமாகவே ஒரு அனுகூலம் இருக்கிறது. 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்கிற வருமான வரி விதிப்படி, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாத ஐடி தொழில்முறையாளர் 75 லட்சம் வரை மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். 2025-26 நிதியாண்டில் 24 லட்சம் வந்தால் வருமானம் 12 லட்சம், புதிய வரி முறையில் வரி பூஜ்யம். அதே 24 லட்சம் சம்பளமாக வந்தால் சுமார் 2.9 லட்சம் வரி. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்து வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். பிஎஃப், கிராஜுவிட்டி, சம்பளத்தோடு விடுப்பு எதுவும் இங்கே கிடையாது. வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் இரண்டு மூன்று வருட வருமான வரித் தாக்கல் கேட்பார்கள். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே கடனை முடித்துக்கொள்ளுங்கள். வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வரி இல்லாமல் பில் போட ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி துறைக்குக் கொடுக்க வேண்டும்.

உள்ளூரில் பெரிய தலைவலி, முடித்த வேலைக்குப் பணம் வராதது. “அக்கவுண்டண்ட் லீவு”, “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று இழுப்பார்கள். இதற்கு உத்யம் எனப்படும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு அவசியம், இலவசம்தான். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். அப்படித் தராத தொகையை, வேலை வாங்கிய கிளையன்ட் தன் வருமான வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. அவருடைய ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால் பில்லிலேயே உத்யம் எண்ணைப் போட்டுவிடுங்கள். மார்ச் மாதத்தில் அவர்களே போன் செய்வார்கள். வேலை தொடங்கும்முன் ஒரு பங்கு முன்பணம் வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

வெண்டார், அதாவது ஆள் அனுப்பும் நிறுவனம் மூலம் கிடைக்கும் காண்ட்ராக்ட் வேலையை இதோடு சேர்க்காதீர்கள். அவர்களுடைய சம்பளப் பட்டியலில் (தேர்ட் பார்ட்டி பேரோல்) போவது, பெஞ்ச் (புராஜெக்ட் இல்லாத நாளிலும் சம்பளம்) கூட இல்லாத சம்பள வேலை, அவ்வளவுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வெளிவேலை பற்றியும் கிளையன்ட்களை அணுகுவது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். மாதாமாதம் பணம் தர ஒப்புக்கொண்ட ஒரு கிளையன்ட்டும், ஒரு வருட வீட்டுச் செலவும் கையில் இல்லாமல் ராஜினாமா கொடுக்க மாட்டேன். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். புதிய பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு இருக்கலாம். அப்பா அம்மாவுக்கு சர்க்கரை, பிரஷர் இருந்தால் நோட்டீஸ் கொடுப்பதற்கு வெகு முன்பே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள்.