வட்டி குறைவு, தவணை அதிகம்: கல்விக்கடன் கேள்வி-பதில்

கேள்வி: மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. நான்கு வருடப் படிப்பு. கல்விக்கடனுக்கு இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒன்றில் வட்டி 10 சதவீதம், இன்னொன்றில் 9.5. மற்றதெல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். 9.5-ஐயே எடுத்துவிடலாம் இல்லையா?

பதில்: எடுக்கலாம், ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டு எடுங்கள். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டியை என்ன செய்வார்கள்?

பெரும்பாலான கல்விக்கடன்களில் படிப்பு முடிந்து சில மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் தவணை தொடங்கும். வட்டி அப்படிக் காத்திருக்காது. பொதுவாகப் பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். சிலர் அதைத் தனியாக எழுதிவைத்து, தவணை தொடங்கும்போது அசலோடு ஒரே தடவை சேர்ப்பார்கள். சிலர் மாதாமாதம் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் வட்டிக்கும் வட்டி. விளம்பரத்தில் சதவீதம் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த விவரம் ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் எங்கோ கிடக்கும்.

நீங்கள் சொன்ன வட்டிகளையே போட்டுப் பார்ப்போம். கடன் 10 லட்சம், தவணை ஐந்து வருடம் கழித்து என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதக்காரர் தனிவட்டி போட்டால் அன்றைக்கு நிலுவை 15 லட்சம். 9.5 சதவீதக்காரர் மாதாமாதம் அசலில் சேர்த்தால் நிலுவை 16 லட்சத்து 5 ஆயிரம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் முதல் கடனுக்கு மாதத் தவணை சுமார் 19,820, இரண்டாவதற்குச் சுமார் 20,770. வட்டி குறைவு என்று போனவர் கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். மொத்தப் பணமும் முதல் நாளே வந்ததாக வைத்துப் போட்ட கணக்கு இது. வருடா வருடம் பிரித்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் தொகை குறையும், வித்தியாசமும் சுருங்கும். ஆனாலும் 10 சதவீதக் கடன்தான் மலிவு.

கையில் கொஞ்சம் வசதி இருந்தால், படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவாருங்கள். 10 சதவீதத்தில் அது மாதம் 8,333. அசல் 10 லட்சமாகவே நிற்கும், பிறகு தவணை 13,215-தான் வரும்.

மற்றவை சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் விடாதீர்கள். பிராசஸிங் கட்டணத்தைக் கடன் தொகையிலேயே கழித்துக்கொண்டு, முழுத் தொகைக்கும் வட்டி போடுவார்களா? காப்பீட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்களா? வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? இத்தனையும் சேர்த்து, கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். அந்த இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் நான் கடன் வாங்க மாட்டேன்.

கல்வி நிறுவனமே கைகாட்டுகிற இடம் என்பதால் மலிவாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். உதவித்தொகை, அரசுக் கடன் திட்டம் ஏதாவது கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். மிச்சத்துக்கு மட்டும் கடன் போதும்.

கேள்வி: தம்பி மகனின் கல்விக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள். "சும்மா ஒரு சம்பிரதாயம்தான் அண்ணா" என்கிறான் தம்பி. போடலாமா?

பதில்: சம்பிரதாயம் என்றால் கடன் கொடுப்பவர் ஏன் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்? பையன் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும், அதற்குத்தான் அந்தக் கையெழுத்து. அந்தத் தவணையை உங்களால் சுமக்க முடியும் என்றால் போடுங்கள். ஒப்பந்த நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தவணை தவறினாலும் உங்களுக்கு உடனே தகவல் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சில வருடம் ஒழுங்காகக் கட்டியபின் ஜாமீன்தாரரை விடுவிக்கும் வழி இருக்கிறதா என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.