செல்பேசி பேட்டரி ஏன் தளர்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒரு நாளில் நான்கைந்து முறை செல்பேசிக்குச் சார்ஜ் போடுகிறேன். இதனால் பேட்டரியின் ஆயுள் குறையுமா?

பதில்: குறையாது. 25 விழுக்காடு வீதம் நான்கு முறை ஏற்றி இறக்கினால்தான் அது ஒரு முழுச் சுற்றாக, அதாவது முழுதாக ஒரு முறை ஏற்றி இறக்கியதாக, கணக்கில் சேரும். சொல்லப்போனால், அடியோடு தீரவிட்டு 100 வரை ஏற்றுவதைவிட, இடையிடையே சிறிது ஏற்றிக்கொள்வதே இன்றைய செல்பேசிகளில் உள்ள லித்தியம் அயனி பேட்டரிக்கு உகந்தது.

தேய்மானம் பெரும்பாலும் கிராஃபைட் மின்முனையின் மேற்பரப்பில் நிகழ்கிறது. முதல் சார்ஜின்போதே, மின்முனைகளுக்கிடையே லித்தியம் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளியில் ஒரு பகுதி சிதைந்து, அங்கே மெல்லிய படலமாகப் படிகிறது. மின்முனையைக் காப்பது அந்தப் படலம்தான் என்றாலும், அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போவதால், மின்முனைகளுக்கிடையே போய்வர வேண்டிய லித்தியத்தில் சிறு பகுதி அதற்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. போன லித்தியம் திரும்பாது. கொள்ளளவு குறைவது இதனால்தான். வெப்பம் இந்த வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. முழுச் சார்ஜில் நிலவும் உயர் மின்னழுத்தமும் அவ்வாறே. இவ்விரண்டும் சேரும் நிலையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கோடை வெயிலில் காரின் கண்ணாடியை ஒட்டிச் செல்பேசியைப் பொருத்தி, சார்ஜரையும் செருகி, மணிக்கணக்கில் வழிகாட்டி வரைபடத்தை ஓடவிடுவதைத் தயவுசெய்து தவிருங்கள்.

கேள்வி: 30 விழுக்காடு சார்ஜ் இருக்கும்போதே என் பழைய செல்பேசி திடீரென அணைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: பேட்டரி முதுமையடையும்போது கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் (மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே எழும் தடை) கூடுகிறது. ஃபிளாஷுடன் படம் எடுக்கும் கணத்தில் செல்பேசி மிகுதியான மின்னோட்டத்தைக் கேட்கிறது. அப்போது மின்னழுத்தம் சட்டென்று சரிந்து குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்வதால், உள்ளே மின்னாற்றல் மிச்சமிருந்தும் கருவி அணைந்துபோகிறது. குளிர்ந்த இடங்களில் இது இன்னும் அதிகம். இவ்வாறு அணைவதைத் தடுக்கவே பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பயனரிடம் முன்கூட்டியே சொல்லாமல் செய்தது தவறு என்பதே என் கருத்து. பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் புதிய செல்பேசியே வாங்கியவர்கள் உண்டு. உங்களுக்கும் பேட்டரியை மாற்றுவதே தீர்வு.

கேள்வி: மாதம் ஒரு முறை முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்து வழக்கம்.

கேள்வி: மடிக்கணினி எந்நேரமும் மின் இணைப்பிலேயே இருக்கிறது. அண்மையில் டச்பேட் சற்று மேலெழும்பியதுபோல் தெரிகிறது.

பதில்: உடனே அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மின்பகுளி சிதைந்து உண்டான வாயுவால் உள்ளிருக்கும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். பழுதுநீக்குபவரிடம் கொடுத்து மாற்றுங்கள். புதிய பேட்டரி பொருத்திய பின், சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி கணினியில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: எப்போதாவது பயன்படுத்தும் கேமராவின் பேட்டரியை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பாதியளவு சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, வெப்பம் அண்டாத இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கொரு முறை எடுத்துப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றுங்கள். முற்றிலும் வடிந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் நேரலாம். அத்தகைய பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுத்தால், எப்படியாவது உயிர்ப்பிக்க முயலாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.