கணவரின் கடனை அடைப்பதா, சிகிச்சைக்குக் கடன் வாங்குவதா?

கேள்வி: கடலூரில் தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன், சம்பளம் 22,000 ரூபாய். எலக்ட்ரீஷியனான என் கணவர் பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். கைக்கடன், தண்டல் என்று அவர் வாங்கியதை இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை என் நகையை அடகு வைத்து அடைத்தேன் (40,000, 65,000, 55,000). இப்போது மறுபடியும் 70,000 கடன். அடுத்த மாதம் வரும் ஒரு லட்சம் சீட்டுப் பணத்தில் அதை அடைத்து மானத்தைக் காப்பாற்று என்கிறார் மாமியார். கணவர் சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டார். புதுச்சேரியில் ஒரு தனியார் மையம் மாதம் 30,000 வீதம் மூன்று மாதத்துக்குக் கேட்கிறது. தனிநபர் கடன் வாங்கிக் கட்டலாமா? காப்பீடு எடுத்தால் இந்தச் செலவு கிடைக்கும் என்று முகவர் சொல்வது உண்மையா?

பதில்: சகோதரி, கணவர் சம்மதித்திருப்பதுதான் உங்கள் கடிதத்தில் உள்ள பெரிய செய்தி. கடன் கிடைக்கும்வரை அந்தச் சம்மதம் நிற்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சைக்கு நீங்கள் இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. வீட்டை அரிப்பது அவருடைய கடனை நீங்கள் அடைக்கும் வழக்கம். நீங்கள் அனுப்பிய மூன்று அடகு ரசீதுகளிலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. 1,60,000 ரூபாய்க்கு மாதம் 3,200, ஆண்டுக்கு 38,400. அந்த மையத்தின் ஒரு மாதக் கட்டணத்தைவிட அதிகமான தொகை, வெறும் வட்டியாகப் போகிறது. கடன் கொடுத்தவர்கள் உங்கள் கணவரை நம்பிக் கொடுக்கவில்லை. உங்கள் கழுத்தை நம்பிக் கொடுத்தார்கள். மூன்று முறை நகை அடகுக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு நான்காம் முறை கொடுப்பதில் என்ன தயக்கம்?

ஆகவே இந்த 70,000 ரூபாயை நீங்கள் அடைக்க வேண்டாம். ஜாமீன் கையெழுத்து நீங்கள் போடவில்லை என்றால் சட்டப்படி அது உங்கள் கடன் அல்ல. தேறி வேலைக்குப் போனபின் அவர் தன் கூலியிலிருந்து அடைக்கட்டும். வாசலில் வந்து மிரட்டினால் போலீஸில் புகார் கொடுங்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. மாமியாரின் வேதனை நியாயமானதுதான். ஆனால் மகனின் குடி ஏற்கெனவே தெருவுக்கே தெரியும். மறைக்க எதுவும் மிச்சமில்லை என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சீட்டுப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அதில் 40,000, 55,000 ரசீதுகளுக்கான நகைகளை மீட்டு, அவற்றை வங்கியில் வைத்து 65,000 வாங்கி மூன்றாவதையும் மீட்டுவிடுங்கள். கையில் மிஞ்சும் 5,000 வட்டிப் பாக்கிக்கு ஆகும். வங்கி வட்டி 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 540 ரூபாய்தான். ஏறக்குறைய 2,660 ரூபாய் மிச்சம். மீட்ட நகைகளை வீட்டில் வைக்காதீர்கள்.

தனிநபர் கடனா? செல்பேசியில் ஒரே தட்டில் கிடைக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம். 90,000 ரூபாயை 16 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை மாதம் 3,160. மொத்தம் 1,14,000 கட்டுவீர்கள். காப்பீட்டு முகவர், மனநோயையும் உடல்நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்லும் 2017 மனநலச் சட்டத்தைக் காட்டியிருப்பார். பாலிசியில் விலக்குகள் பகுதிக்குப் போய் 12ஆம் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் விலக்கு என்றே பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. இதற்காகப் பிரீமியம் கட்டுவது வீண்.

தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில நாட்களுக்குள் வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. வீட்டில் நிறுத்த வைக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலக்கவும் கூடாது. அந்த ஆரம்ப நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழிய வேண்டும். பிறகு பல மாதங்கள் மாத்திரை, ஆலோசனை, தவறாமல் மறுபரிசோதனை. அது வெளிநோயாளியாகவே நடக்கும். கடலூரில் முடியாது என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது புதுச்சேரி ஜிப்மர். ஜிப்மருக்குப் போகும் பஸ் முள்ளோடை, கன்னியக்கோயில் மதுக்கடைகளைத் தாண்டித்தான் போகும். ஆரம்ப மாதங்களில் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மத்திய அரசு உதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச மறுவாழ்வு மையங்களும் உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் கட்டணம் கிடையாது.

தனியார் மையம் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய கட்டணத் தாளில் சாப்பாடு இருக்கிறது, யோகா இருக்கிறது, வீட்டுக்கு வந்து ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு 5,000 இருக்கிறது; மனநல மருத்துவரின் பெயர் இல்லை. மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

மகளின் செல்வமகள் கணக்கில் இரண்டு ஆண்டுகளாகப் பணம் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250, அபராதம் 50. ஆக 600 ரூபாய். இந்த ஆண்டுக்கான 250 ரூபாயையும் சேர்த்து அஞ்சலகத்தில் கட்டினால் கணக்கு உயிர்பெறும். வட்டியில் மிச்சமாகும் முதல் மாதப் பணத்திலேயே அதை முடித்துவிடலாம்.